பிரிண்டில் மட்டும் தெரிந்த வாசகம்

கல்லூரியில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. நல்ல பெயர் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய லேப்டாப்பில் டிராயிங் சாஃப்ட்வேர் ஏறியது என் கையால்தான். மாணவர்களுக்கு இலவசமாகத் தரும் காப்பி அது. குறிப்பிட்ட காலம் ஓடும், பிறகு நின்றுவிடும். நின்றதை மறுபடி ஓட வைக்கும் கிராக் என் பென் டிரைவில் இருந்தது. கூலி ஒரு முட்டை பஃப்ஸ். “மச்சான், அவன்கிட்ட குடு, ரெண்டே நிமிஷம், ஒடச்சிடுவான்” என்று பக்கத்து டிபார்ட்மென்ட்டிலிருந்தெல்லாம் அனுப்பி வைப்பார்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போவேன்.

அந்தக் காப்பியில் ஒரு வில்லங்கம் உண்டு. அதில் வரைந்ததைத் திரையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிரிண்ட் எடுத்தால் தாளின் நான்கு ஓரத்திலும் ‘கல்வி உபயோகத்துக்கு மட்டும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வந்து நிற்கும். அதோடு விடாது. அந்த ஃபைலிலிருந்து ஒரு கதவையோ ஜன்னலையோ காப்பி பண்ணி வேறொரு ஃபைலில் ஒட்டினால், அந்த ஃபைலுக்கும் வாசகம் தொற்றிக்கொள்ளும். அங்கிருந்து இன்னொன்றுக்கு. சளி மாதிரி. ஃபைலைப் பழைய ஃபார்மட்டுக்கு மாற்றி, திரும்பப் புதிய ஃபார்மட்டுக்குக் கொண்டுவந்தால் வாசகம் போய்விடும். ‘கழுவுறது’ என்போம். நான்கு நிமிட வேலை. அதுவும் எனக்கு அத்துப்படி. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

பிறகு வேலை கிடைத்தது. ஓ.எம்.ஆரில் கண்ணாடிக் கட்டடம். பெயரைச் சொன்னால் பெண் பார்க்கப் போகும் இடத்தில் இன்னொரு காபி வேண்டுமா என்று கேட்பார்களே, அந்த மாதிரி பெரிய டெக்னாலஜி கம்பெனி. வெளிநாட்டு கிளையன்ட்டின் கட்டடங்களுக்கு கேபிள் எந்த வழியாகப் போக வேண்டும், சர்வர் எங்கே நிற்க வேண்டும் என்று வரைந்து அனுப்புவது எங்கள் டீமின் வேலை. கழுத்தில் நீல டேக். நீலம் என்றால் கம்பெனியின் சொந்த ஆள். ஏஜென்சி மூலம் வந்த கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள் டேக். கேன்டீன் வரிசையில் நிற்கும்போது முகத்துக்கு முன்னால் கண்ணில் படுவது டேக்தான்.

எங்கள் டீமில் ஒரு அக்கா இருந்தார். எட்டு வருடமாக மஞ்சள் டேக். டீமிலேயே வேலை தெரிந்தவர் என்றால் அவர்தான். எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் பொது லைப்ரரி அவர் பொறுப்பில் இருந்தது. அதில் என்ன போட்டாலும் அவருடைய லாகினில்தான் போட முடியும். அவருக்கு மாடம்பாக்கத்தில் வீடு. ராஜகீழ்ப்பாக்கத்தில் கம்பெனி பஸ் ஏறுவார். நான் அதற்கு முந்தைய ஸ்டாப்பான கேம்ப் ரோட்டில். தினமும் பக்கத்து சீட்டில் பையை வைத்து அவருக்கு இடம் பிடிப்பேன். பதிலுக்கு எனக்கு ஆபீஸ் ரகசியங்கள் வரும். அந்த வருடம் அவரை நீல டேக்குக்கு மாற்றும் லிஸ்டில் பெயர் போயிருந்தது.

“மூணு வாட்டி போய்த் திரும்பி வந்த பேருடா அது. இந்தத் தடவ ஹெச்.ஆரே கால் பண்ணி சர்டிபிகேட் எல்லாம் கேட்டாங்க.”

“அப்ப ட்ரீட் எங்கக்கா?”

“டேக் கைக்கு வரட்டும். உனக்கு சோறே போடறேன்.”

அந்த வருட மழையில் ஒரு வாரம் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்தோம். செம்பாக்கம் பக்கம் பஸ்ஸே போகவில்லை. கம்பெனி லேப்டாப் இருந்தது, ஆனால் டிராயிங் சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் எண்ணிக்கை கம்மி. எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்ததால் எனக்கு ‘இடமில்லை’ என்றே வந்துகொண்டிருந்தது. அன்று என் வேலை, எல்லா டிராயிங்கையும் சுற்றி வரும் பார்டரை மாற்றுவது. கம்பெனி லோகோ, தேதி, கையெழுத்துக் கட்டம் எல்லாம் அதில்தான் இருக்கும். காத்திருக்கப் பொறுமையில்லை. ஆபீஸ் சாட் என் போனிலும் இருந்தது. அதிலிருந்து ஃபைலை இறக்கி, என் பழைய காலேஜ் லேப்டாப்பில், கிராக் போட்ட காப்பியில் அரை மணியில் முடித்துவிட்டேன். கழுவி அனுப்ப வேண்டும் என்று ஞாபகமும் இருந்தது. அதற்குள் பிரியாணி வந்துவிட்டது. “அக்கா, பார்டர் ரெடி, லைப்ரரில போட்டுடுங்க” என்று அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிட்டு எழுந்தபோது மறந்திருந்தது.

அக்கா அவருடைய லாகினில் அதை லைப்ரரியில் ஏற்றினார். மொத்த டீமும் அதை எடுத்து ஒட்டியது.

நாங்கள் ஃபைலாகத்தான் அனுப்புவோம், பிரிண்ட் எடுப்பது கிளையன்ட். மூன்று வாரம் கழித்து அவர்களிடமிருந்து ஒரு மெயில் வந்தது, போட்டோவோடு. எங்கள் லோகோவைச் சுற்றி நான்கு ஓரத்திலும் ‘கல்வி உபயோகத்துக்கு மட்டும்’. கீழே ஒரே கேள்வி: உங்கள் நிறுவனம் லைசென்ஸ் இல்லாத சாஃப்ட்வேர் பயன்படுத்துகிறதா?

அன்று எங்கள் தளம் இருந்த நிலையைப் பார்த்திருக்க வேண்டும். “இவ்ளோ பெரிய கம்பெனி, திருட்டு சாஃப்ட்வேராம்டா” என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். சாஃப்ட்வேரை விற்ற கம்பெனியே ஆடிட்டுக்கு வருகிறது என்றதும் சிரிப்பு நின்றது. ஒவ்வொருவரும் குனிந்து தங்கள் மெஷினில் இருந்ததையெல்லாம் அழிக்க ஆரம்பித்தார்கள். கேம், வீடியோ எடிட்டர், மகளின் பரதநாட்டிய அரங்கேற்றப் பத்திரிகைக்காக இறக்கிய ஃபான்ட். பக்கத்து சீட் நண்பன், “மச்சான், இன்னாடா எவனும் மூச்சே விட மாட்றான்” என்றான். எனக்கு எந்த பார்டர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டார். நான் சின்னப் பையன், காலேஜ் முடித்து வந்து ஒரு வருடம், எனக்கு விவரம் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“இது எப்டிப்பா வரும்? நம்ம கிட்ட எல்லாமே லைசென்ஸ்தான.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நான் சொன்னது இது: “யாராவது வீட்ல வேற காப்பி வச்சு வேல பண்ணியிருந்தா, அதுலேந்து வந்திருக்கலாம் சார்.”

சார் கண்ணாடிச் சுவர் வழியாக வெளியே பார்த்தார். அவர் பார்த்த பக்கம் அக்காவின் சீட் இருந்தது. அக்கா சாயங்காலங்களில் மாடம்பாக்கத்தில் வீட்டு ப்ளான் போட்டுக் கொடுப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சொல்வதற்கு முன்பே தெரியும்.

“லைப்ரரில கடைசியா கை வச்சதும் அவங்கதான்” என்றார் சார், தனக்குத்தானே சொல்வது போல.

“ஃபைலெல்லாம் நான் சரி பண்ணித் தரேன் சார்” என்றேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் அக்கா வழக்கம்போல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பள்ளிக்கரணை வந்ததும் யாரோ குப்பை நாற்றத்துக்கு ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள். அக்கா சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“டேய், ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்காத. அந்த பார்டர் நீ ஆபீஸ் லைசென்ஸ்லதான பண்ண?”

“ஆமாக்கா. மொதல்ல கெடைக்கல, அப்புறம் மத்தியானமா கெடச்சுது.”

“நெசமா?”

“என்னக்கா, நான் என்ன இன்னும் காலேஜ் பையனா?”

“மூஞ்சிய பாத்தா அப்படித்தான்டா இருக்கு” என்று சிரித்தார். பிறகு, “சாரி. என்னைக் கேட்டாங்க, அதான் எல்லாரையும் கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்றார்.

அவர் என்னிடம் சாரி கேட்டார். துரைப்பாக்கம் வரை போனில் எதையோ தள்ளிக்கொண்டே வந்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது.

அடுத்த ஒரு வாரம் உட்கார்ந்து எல்லா ஃபைலையும் கழுவினேன். காலேஜில் கற்ற அதே வித்தை. டீம் மீட்டிங்கில் சார் என் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் என்று ஒரு சர்டிபிகேட், என் போட்டோ போட்டு. அக்காவும் கைதட்டினார். எங்கள் வீட்டில் அதை டி.வி.க்கு மேலே மாட்டினார்கள்.

அந்த மாதக் கடைசியில் அக்காவின் கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. யாரும் திருட்டு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ‘ப்ராஜெக்ட் தேவை குறைந்தது’ என்று மெயில். நீல டேக் லிஸ்டிலிருந்து பெயர் எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. மஞ்சள் டேக்கை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்கால பஸ்ஸில் அவர் வரவில்லை. மறுநாள் காலை பழக்கத்தில் பக்கத்து சீட்டில் பையை வைத்துவிட்டேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏறிய ஒருத்தர், “தம்பி, பைக்கும் டிக்கெட் எடுத்திருக்கியா?” என்றார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் தாங்கினேன். பிறகு சாரிடம் போனேன். அரைகுறையாக, “சார், அந்த பார்டர்... அது அக்கா பண்ணது இல்லன்னு நெனைக்கறேன்” என்றேன்.

சார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

“பாருப்பா. கான்ட்ராக்ட் ஆள் ஒருத்தர் தெரியாம பண்ணிட்டாங்க, இப்ப அவங்க இல்லன்னு கிளையன்ட்டுக்கு பதில் போயாச்சு. முடிஞ்சுது. நம்ம ஆளுன்னு ஆச்சுன்னா கம்பெனியே திருட்டுத்தனம் பண்ணுதுன்னு ஆயிடும். போய் வேலையப் பாரு.”

வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் இதில் எல்லாவற்றையும்விட என்னைக் கூச வைப்பது. சொல்லிப் பார்த்துவிட்டேன், அவர்தான் கேட்கவில்லை என்று மனதுக்குள் ஒரு ரசீது போட்டு வைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து பக்கத்து சீட் நண்பன் ஒரு விஷயம் சொன்னான். ஏஜென்சி அக்காவின் பெயருக்கு எதிரில் ‘ஹோல்ட்’ என்று போட்டு வைத்திருக்கிறதாம். சாஃப்ட்வேர் விதிமீறல் என்று காரணம். இரண்டு கம்பெனியில் இன்டர்வியூ முடிந்து, கடைசியில் அதைப் பார்த்து விட்டுவிட்டார்களாம்.

அன்றே எழுதியிருக்கலாம். நான் எழுதியது அதற்கும் ஆறு வாரம் கழித்து. நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதினேன். பார்டரை என் சொந்த லேப்டாப்பில் திருட்டுக் காப்பியில் செய்தேன், அவருக்குத் தெரியாது, கேட்டபோது பொய் சொன்னேன், என் எம்ப்ளாயீ நம்பர் இது. கையெழுத்துப் போட்டு ஏஜென்சிக்கு அனுப்பினேன். இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு காலை மாடம்பாக்கம் போனேன். கோவில் இருக்கும் தெருவுக்கு அடுத்த தெரு. வீட்டின் முன் அறையில் ஒரு மேஜை, கம்ப்யூட்டர், பெரிய பிரிண்டர். வெளியே ‘வீட்டு ப்ளான் போட்டுத் தரப்படும்’ என்று போர்டு.

“வாடா” என்றார். உட்காரச் சொல்லவில்லை, நிற்கவும் சொல்லவில்லை. நானாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே ரசீதுகள். அதே சாஃப்ட்வேரின் சின்ன வெர்ஷன், அவருடைய பெயரில், வருடா வருடம் கட்டியது.

“ஆடிட் வந்த வாரம் ஃபுல்லா இத ஹேண்ட்பேக்ல வச்சுக்கிட்டு வந்தேன். எவனாவது கேட்டா காட்டலாம்னு. நானா குடுத்தேன், சார் வாங்கிக்கூட பாக்கல. பஸ்ல உன் பக்கத்துல உக்காந்தப்பகூட மடியிலதான் இருந்துது.”

எங்கள் டீமிலேயே சொந்தக் காசில் சாஃப்ட்வேர் வாங்கிய ஒரே ஆள் அவர்தான். “சாரிக்கா” என்றேன். அந்த அறையில் அது ரொம்பச் சின்னதாகக் கேட்டது.

அவர் கடிதத்தின் மேலே இருந்த தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேற எடத்துல வேலைக்கு ஆர்டர் வந்துடுச்சா?”

“ம்.”

“எங்க?”

“சிறுசேரி.”

“நீல டேக்க குடுத்துட்டியா?”

“வெள்ளிக்கிழம குடுத்தேன்.”

“சனிக்கிழம எழுதியிருக்க.” தலையை ஆட்டினார். கோபமாக இல்லை, கணக்கு சரியாக வந்ததைப் பார்ப்பவர் போல. “சரி. இன்னொரு காப்பி எடுத்துக்கறேன்.”

கடிதத்தை ஸ்கேன் பண்ணி பிரிண்ட் போட்டார். தாள் மெதுவாக வெளியே வந்தது. கண் தானாக நான்கு ஓரத்துக்கும் போனது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

“பைக்க வாசல் கேட்டுக்கு குறுக்கால நிறுத்தியிருக்க. ப்ளான் வாங்க ஆளு வருவாங்க” என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, புது ஆபீஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போனில் அவருடைய மெசேஜ். “ஹோல்ட் எடுத்துட்டாங்க.” அவ்வளவுதான். வேலை கிடைத்ததா என்று இல்லை. நீல டேக் பற்றி எதுவும் இல்லை. நான் நிறைய டைப் பண்ணினேன், அழித்தேன், மறுபடி டைப் பண்ணினேன், அழித்தேன். கடைசியில் ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்பிவிட்டேன். அனுப்பியதும் உடம்பெல்லாம் கூசியது. அழிக்கப் போனேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டிருந்தார்.