ஊறிப்போன கொப்பி மட்டை

எங்கள் அக்கா ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்கள் அனைவருக்கும் அவருடைய தம்பியின் வணக்கம்.

எல்கடுவ மலைத்தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில், தேயிலைக் கொழுந்து பறித்த அம்மாவுக்கு மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானார். எனக்குப் புதுச் சப்பாத்து வாங்கித் தந்துவிட்டு, தாம் தேய்ந்த செருப்போடு படிக்கப் போனவர் அக்கா. பிறகு எங்கள் தோட்டப் பாடசாலையிலேயே ஆசிரியையானார்.

காற்றழுத்தப் பாடம் வந்தால் அவருக்குத் தனிக் குஷி. தண்ணீர் நிறைந்த கிளாசை, எழுதும் கொப்பியின் மட்டையால் மூடிக் கவிழ்ப்பார். தண்ணீர் விழாது, பிள்ளைகள் கூத்தாடுவார்கள். பெற்றோருக்கோ பொறுக்கவில்லை. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது டீச்சர் தண்ணீரில் விளையாடுகிறாரே! ஐந்தாம் வகுப்பிலிருந்து அவரை மாற்றச் சொல்லி பாடசாலை அதிபருக்கு மகஜர் எழுதி, கையெழுத்துச் சேர்த்துக் கொடுத்தார்கள். என் மகளும் அந்த வகுப்புத்தான். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் கையெழுத்திட்டேன்.

அதிபர் கூட்டம் வைத்தார். அக்கா கிளாசோடு வந்தார்.

"தம்பி, முன்னுக்கு வா. அசையாம நில்லு."

என் தலைக்கு மேலே கவிழ்த்தார். கொப்பி மட்டை தொய்ந்து, மொத்தத் தண்ணீரும் என் கழுத்துக்குள் இறங்கியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ஐயோ, வகுப்பு போச்சு என்று நினைத்தேன்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற என் மகள் கத்தினாள்: "மட்டை ஊறிப்போச்சு டீச்சர்! அது வளைஞ்சதும் காத்து உள்ள பூந்துருச்சு!"

"தடிச்ச மட்டையா வைங்க டீச்சர், காத்து கீழயிருந்து தாங்கிக்கும்!" என்றன மற்றப் பிள்ளைகள்.

ஒரு தாய் கைப்பையிலிருந்து கல்யாண அழைப்பிதழை நீட்டினார். அக்கா கிளாசை நிரப்பி, அதை வைத்துக் கவிழ்த்தார். இம்முறை ஒரு சொட்டும் விழவில்லை. மகஜர் எழுதியவரே எழுந்தார்: "இம்புட்டு வெவரமா சொல்லுதுங்களே! டீச்சரே இருக்கட்டும் சார்."

அக்கா ஓய்வு பெறும்வரை அந்த வகுப்பு அவருடையதாகவே இருந்தது.

நோயுற்ற நாட்களில் செங்குத்துப் பாதையில் அவரைத் தூக்கி வந்த லயத்து உறவுகளுக்கும், மாத்தளை வைத்தியசாலைத் தாதியருக்கும், செபித்த பாதருக்கும், இறுதி நாளில் அடுப்படியைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கும் எங்கள் நன்றி. அக்காவுக்கு நான் சொல்ல வேண்டியதைக் கடைசி வாரத்தில்தான் சொன்னேன்.

"அக்கா, அந்த மகஜர்ல நானும்..."

"தெரியும்டா. அதுக்குத்தான் ஒன்னைய முன்னுக்குக் கூப்பிட்டேன்." மூச்சு வாங்கச் சிரித்தார். "ஆனா தண்ணிய ஊத்துனது நான் இல்ல. ஆண்டவரு!"