நான் கழுவிய கார்

எங்கள் கார் மலையிறங்கிப் போனது ஒரு திங்கட்கிழமை. ஓடி இறங்கவில்லை. லாரியில் ஏற்றி, கயிறு கட்டி, மேட்டுப்பாளையத்துப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனார்கள். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. நாள் கிழமைகளைக் குறித்து வைக்கும் பழக்கம் அந்த வயதிலேயே தொற்றியிருந்ததால் இதையெல்லாம் சந்தேகமில்லாமல் சொல்ல முடிகிறது. லாரி போனது ஆடிப்பெருக்குக்கு முந்தைய வாரம். அந்தக் காரைப் போலவே ஒரு சின்னக் கார் செய்ய அப்பா உட்கார்ந்தது ஆடிப்பெருக்குக்கு மறுநாள் மாலை.

பெரியப்பாவுக்காகத்தான் செய்தார். அந்த அம்பாசிடரை வாங்கியது அப்பாவின் அப்பாவான அப்பாரு. ஆனால் அதை ஓட்டியதெல்லாம் பெரியப்பாதான். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் அடங்கிய பிறகு, வாசலில் நின்ற காரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பதே அவருக்குப் பொழுதாக இருந்தது. மலைக்குளிர் இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆயுத பூஜைக்கு மறுநாள் கோயமுத்தூரிலுள்ள தன் மகள் வீட்டுக்கு அவர் போய்விடுவதாக முடிவாயிற்று. அதற்குள் சின்னக் கார் முடிந்தாக வேண்டும்.

அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். காரின் ஓரடிக்கு ஓரங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டார். சில்வர் ஓக் கட்டையைச் செதுக்கி, அதன் மேல் பிஸ்கட் டப்பாத் தகரத்தை வைத்துத் தட்டித் தட்டி வளைத்தார். பிறகு கட்டையை உருவிவிட்டு, வெற்றுக் கூட்டுக்கு வெளிர்மஞ்சள் பெயின்ட் அடித்தார். பளபளவென்று வந்தது. எனக்கு அதோடு வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றியது. அப்பாவுக்கு அப்போதுதான் வேலையே தொடங்கியது.

லாரி வருவதற்கு முன்பே காரை நாலா பக்கமும் அலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து முதுமையைப் பூசினார். எங்கள் வீட்டுக் கூரைத் தகரத்திலிருந்து துருவைச் சுரண்டி, துணியில் சலித்து, கோந்தில் குழைத்துக் கதவின் அடி விளிம்பில் ஒற்றினார். கெட்டியான டீ டிக்காஷனைத் தொட்டுக் காரின் கூரைக்குக் கறை ஏற்றினார். மழைக்காலத்தில் எங்கள் காரின் கண்ணாடி ஓர ரப்பரில் பச்சையாய்ப் பாசி படரும். அதற்காகத் தடுப்புச் சுவர்ப் பாசியைக் காயவைத்துப் பொடித்தார். கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால் கார் மட்டும் அருகில் தெரியும். அதற்கு அப்பால் ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் ஜெகதளா கிராமத்துச் சரிவின் தேயிலை. மேகம் இறங்கிவந்து ஜன்னலை மூடும்போது கார்தான் நகர்ந்து மேகத்துக்குள் போவது போலிருக்கும். அப்படியே தூங்கிப்போயிருக்கிறேன்.

ஒரே ஓர் இடத்தில் அப்பாவுக்குக் கை ஓடவில்லை. முன்பக்க இடது மட்கார்டில் உள்ளங்கையகலத்துக்கு ஒரு நெளிசல் உண்டு. நான் பிறப்பதற்கு முன்னால் ஓர் இரவு, பனிமூட்டத்தில் பெரியப்பா மைல்கல்லில் இடித்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த நெளிசலை அப்பா தட்டுவார், நிமிர்த்துவார், மறுபடி தட்டுவார். அந்த நேரத்தில் பேசப் போனால் எரிந்து விழுவார்.

உண்மை வேறு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அன்று தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். பதினேழு வயதில் அப்பா ஒரு விடியற்காலையில் யாருக்கும் சொல்லாமல் காரை எடுத்திருக்கிறார். சத்தம் கேட்கக்கூடாதென்று இறக்கம் வரை தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். திரும்பி வரும்போது தண்ணீர்த் தொட்டிச் சுவரில் இடித்துவிட்டு, இடித்த பக்கத்தை வீட்டுச் சுவரோரமாக மறைத்து நிறுத்தியிருக்கிறார். காலையில் இவர் வாய் திறப்பதற்குள், ராத்திரி மைல்கல்லில் இடித்துவிட்டேன் என்று பெரியப்பா அப்பாருவிடம் சொல்லி, ஒரு வாரம் வசவு வாங்கினார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. கேட்கவும் துணியவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளித் தள்ளியே இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. இப்போது பெரியப்பாவுக்குப் பேச்சும் குழறத் தொடங்கியிருந்தது. சின்னக் காரை அவர் மடியில் வைத்து, நெளிசலைத் தொட்டுக் காட்டி, அங்கிருந்து பேச்சை ஆரம்பித்துவிட வேண்டும். அப்பா போட்டு வைத்திருந்த திட்டம் இவ்வளவுதான்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்று சக்கரம் உள்ளது எதுவும் கழுவாமல் இருக்காது. என் சைக்கிள், அம்மாவின் தையல் மெஷின், எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். காரைக் கழுவுவது பெரியப்பாவின் பொறுப்பு. விடியும்முன் வாளியோடு நிற்பார். இந்த வருடம் அவரால் முடியாது. அப்பாவோ பொரியும் வாழைக்கன்றும் வாங்கக் குன்னூர் பஜாருக்குப் போய்விட்டார். மேசையில் சின்னக் கார் துருவும் பாசியுமாக நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை.

சோப்பு போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். கோந்தில் ஒட்டிய துரு கரைந்து, பாசி கரைந்து, வாளித் தண்ணீர் பழுப்பாயிற்று. உள்ளே கழுவும்போது நெளிசல் கைக்குத் தட்டுப்பட்டது. ஸ்பூனின் முதுகால் அழுத்தினேன். டொக்கென்று தகரம் நிமிர்ந்தது. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம் பெரிதாக இருந்ததால் நான்கு பச்சைப் பட்டாணியை வைத்தேன்.

வாழைக்கன்றோடு வந்த அப்பா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏன்டி, உங்கப்பன் ரெண்டு மாசமாக் கண்ணு வலிக்க வலிக்கப் பூசுனதடி அது," என்றாள் அம்மா.

"அழுக்கா வெச்சு எப்படிங்மா சாமி கும்புடறது?" என்றேன்.

அப்பா வாழைக்கன்றைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.

மறுபடி பூச நேரமில்லை. பெரியப்பாவை நாற்காலியோடு தூக்கிவந்து பூஜைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். காரை நானே அவர் மடியில் வைத்தேன். இடது கையால் கூரையைத் தடவினார். கதவைத் தடவினார். முன்பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"இங்க ஒரு நெளிசல் இருக்கோணுமே கண்ணு," என்றார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது.

"நான் எடுத்துட்டனுங் பெரியப்பா. ஸ்பூன்ல தள்ளுனேன், வந்துருச்சு."

அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அது மைல்கல்லு இல்லீங்ணா. நாந்தான். தொட்டிச் செவுத்துல இடிச்சேன்."

"தெரியும்டா. பிரேக்குக்கு அடியில உன்ற ஒத்தச் செருப்பு கெடந்துச்சு."

"தெரிஞ்சுமா கேக்காம இருந்தீங்க?"

"நீயே சொல்லுவீன்னு பாத்தேன்." பெரியப்பா மூச்சு வாங்கிக்கொண்டார். "கொஞ்சம் லேட்டாத்தான் வந்திருக்கற."

அப்பா அப்படியே நாற்காலிக் காலருகே உட்கார்ந்துவிட்டார். அவர் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். பெரியப்பாவின் இடது கை அவர் தலைமேல் இருந்தது. அந்தச் செருப்பு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நெளிசலைத் திரும்ப அடித்துத் தரட்டுமா என்று அப்பா கேட்டார்.

"வேண்டாம். புள்ள எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும்," என்றார் பெரியப்பா.

கார் அப்படியே, துருவில்லாமல், கறையில்லாமல், மறுநாள் அவரோடு கோயமுத்தூருக்குப் போனது.

அப்பாவின் இரண்டு மாத உழைப்பை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்தவளுக்கு அன்று ஓர் அடிகூட விழவில்லை. சாமி கும்பிட்டு முடிந்ததும் அப்பா என் இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லி, பொரியும் கடலையும் சிந்தச் சிந்த அள்ளிப் போட்டார். போதும் என்று சொன்ன பிறகும் போட்டார். அவ்வளவு நன்றாகக் கழுவியிருக்கிறேன் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.