சந்தனப் பொட்டுக்குக் கீழே: லா சப்பலுக்கு ஒரு பேஸ்போல் மட்டையோடு

காலை 6.47க்குச் செய்தி வந்தது. "சனிக்கிழமை பதினொரு மணிக்கு லா சப்பல் வாங்க. மட்டையைத் துடைக்காம எடுத்து வாங்க." லா சப்பல் என்றால் பரிஸ் நகரத்தின் தமிழ்க் கடைத்தெரு. 2018 ஒக்டோபர், ஒரு செவ்வாய்க்கிழமை. வட பிரான்சில், லீல் நகரத்தில் என் சமையலறையில், ஆறிப்போன தேநீருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அனுப்பியவர் லூயி ஐயா. புதுச்சேரிக்காரர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய பேஸ்போல் மட்டைகளின் காலத்தையும் விலையையும் கணித்துச் சொல்பவர். ஐரோப்பாவில் இந்த வேலையைத் தமிழில் செய்கிற வேறு எவரையும் எனக்குத் தெரியாது.

மட்டை என் மனைவி நிருஷாவுடையது. இந்த மாசியில் அவள் இறந்துபோனாள். முப்பத்தொரு வயது. நான் இயந்திரப் பொறியியலாளன். இப்போது நானும் ஓர் இயந்திரம் மாதிரித்தான். பசி தெரிவதில்லை, மணிக்கூட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறேன்.

நிருஷா பரிஸ் புறநகரான லா கூர்னெவ்வில் வளர்ந்தவள். படிக்கிற காலத்தில் ஒரு பேஸ்போல் குழுவில் விளையாடியவள். கலியாணம் முடிந்த புதிதில், லா சப்பலின் ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் நடந்த ஒரு பழைய பொருள் சந்தையில், உடைந்த குடைகளுக்கு நடுவே கிடந்த இந்த மட்டையைப் பன்னிரண்டு யூரோவுக்கு வாங்கினாள். "இது இரண்டாம் உலகச் சண்டைக்கு வந்த அமெரிக்கன் ஆமிக்காரன் விட்டிட்டுப் போனது" என்றாள். நான் வேணியர் இடுக்கியால் கைப்பிடியை அளந்து பார்த்துவிட்டு, எழுபதுகளில் செய்த கடைச் சாமான் என்றேன்.

"கைப்பிடியை அளந்தால் வயது தெரியுமோ? அப்ப என்ரை இடுப்பை அளந்து என்ரை வயதைச் சொல்லுங்கோ பாப்பம்."

அன்றிலிருந்து இது எங்கள் வீட்டின் தீராத வழக்கு. விருந்துக்கு வருகிறவர்களும் ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்தேயாக வேண்டும்.

ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் புத்தகங்கள், அவளுடைய மடிக்கணினி, என் இடுக்கி எல்லாவற்றோடும் மட்டையும் படத்துக்கு முன்னால் படுத்திருக்கும். அதற்கும் சந்தனம், குங்குமம். நட்டநடுவில் வைத்தால்தான் வடிவு என்று தொழிற்சாலை முத்திரை இருக்கிற இடத்திலேயே வைப்பாள். துடைக்க விடமாட்டாள். அடுத்த வருடப் பொட்டு போன வருடப் பொட்டுக்கு மேலேயே ஏறும்.

சனிக்கிழமை 9.12 ரயில். லீலிலிருந்து பரிஸ் நகரத்துக்கு 225 கிலோமீற்றர், ஒரு மணி நேரப் பயணம், டிக்கெட் 28 யூரோ. 86 சென்ரிமீற்றர் மட்டை என் பைக்குள் அடங்கவில்லை. நிருஷாவின் சால்வையில் சுற்றிக் கையிலேயே வைத்திருந்தேன். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி ஃபொபூர் சேன்-தெனி வழியாக வடக்கே நடந்தால் பத்து நிமிடத்தில் நம் கடைகள் தொடங்கிவிடும். மெத்ரோ எடுப்பது வீண் செலவு.

லூயி ஐயா சொன்ன தேநீர்க்கடை வாசலில் இரண்டு பொலிஸ்காரர்கள் என்னை நிறுத்தினார்கள். இதை எதிர்பாராதது என் மடைத்தனம். பிரான்சில் பேஸ்போல் விளையாடுகிறவர்களைவிட அடிதடிக்கு மட்டை வாங்குகிறவர்கள் அதிகம் என்று நிருஷாவே பகிடியாகச் சொல்வாள். பெண் பொலிஸ் சால்வையை விரித்தார். மட்டையின் நடுவில் காய்ந்த கருஞ்சிவப்பு. அவருடைய முகம் மாறியது.

"இது இரத்தமா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

எனக்கு எட்டு வருடப் பிரெஞ்சும் அந்த நேரம் ஓடிவிட்டது. கடைக்குள்ளிருந்து முதலாளி தயா அண்ணை கையைத் துடைத்தபடி வந்தார். அதற்கு முன் அவரை நான் கண்டதில்லை. அவர் தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டி, பிறகு மட்டையைக் காட்டி, "மதாம், இதுவும் அதுவும் ஒண்டு. பிரார்த்தனை" என்று பிரெஞ்சில் சொன்னார். அந்தப் பெண் இரண்டு பொட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மட்டைக்குமா?"

"லா சப்பலிலை காருக்கும் வைக்கிறம் மதாம், காசு மிசினுக்கும் வைக்கிறம்."

மற்றப் பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். பந்து எங்கே என்று கேட்டார். பந்து இல்லை. விளையாடப் போகிறவன் பந்தும் வைத்திருப்பான், இனிமேல் கொண்டுவா என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அண்ணை என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, உதைத் தூக்கிக்கொண்டு இஞ்சாலை வாறதெண்டால் ஒரு பையிலை போட்டுக்கொண்டெல்லோ வாறது? சாப்பிட்டனீரே?"

மணிக்கூட்டைப் பார்த்தேன். "இன்னும் நேரமாகேல்லை அண்ணை."

"சாப்பாட்டுக்கு என்ன நேரம்?" இடியப்பமும் சொதியும் வந்தன. 5 யூரோ 50. முழுவதும் சாப்பிட்டேன்.

லூயி ஐயா சொன்ன நேரத்துக்கு வந்தார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து மட்டையைக் குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்தினார். பொட்டைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அலோர்... இது என்ன தம்பி?"

"மனைவி வைச்சது ஐயா. பூசைக்கு."

அவர் பார்க்கும் முறையை எழுதுகிறேன், உங்களுக்கு உதவும். முதலில் கைப்பிடி நுனியில் இருக்கிற குமிழின் அடியைப் பார்த்தார். நீள எண் குத்தியிருந்தால் பெரும்பாலும் கடையில் விற்ற மட்டை. இதில் 34 இருந்தது, அங்குலக் கணக்கு. பிறகு முத்திரையை நகத்தால் தடவினார். மரத்துக்குள் சுட்டு இறக்கியது பழையது, மேலே ஒட்டியதோ மையால் அச்சிட்டதோ பிந்தியது. இது சுட்டது. பந்து பட்ட தடங்கள் ஒரே பக்கத்தில் நெருக்கமாக இருந்தால் உண்மையாகவே ஆடியிருக்கிறார்கள். இருந்தன. முத்திரை நிறுவனத்துக்கு நிறுவனம், காலத்துக்குக் காலம் மாறும். அதற்கு அவரிடம் ஒரு படத்தொகுப்பே இருக்கிறது.

"நாப்பதுல இருந்து அம்பத்தஞ்சுக்குள்ள. அதுக்கு மேல சொல்ல முடியல. படைக்குன்னு வாங்கின மட்டையா இருந்தா முத்திரைக்குக் கீழ ரெண்டு எழுத்து சுட்டிருப்பான். இருந்தா சண்டைக் காலத்து மட்டை, முன்னூறு யூரோ தாராளமா போகும். இல்லன்னா நாப்பது." விரலைப் பொட்டுக்கு மேலே நிறுத்தினார், தொடவில்லை. "அந்த எழுத்து இதுக்குக் கீழ இருக்கணும்."

எழுபதுகள் இல்லை என்பது முடிந்துவிட்டது. பாதி வழக்கில் நான் தோற்றாயிற்று. மிச்சப் பாதி சந்தனத்துக்குக் கீழே.

"நீங்கள்தானே துடைக்க வேண்டாமெண்டு எழுதினீங்கள்?"

"எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவேன். மட்டையோட அழுக்க எடுத்தா விலை போயிடும். ஆனா இது மட்டையோட அழுக்கு இல்லயே தம்பி, உங்க வீட்டு..." நிறுத்திக்கொண்டார். "பர்தோன், மன்னிச்சுக்குங்க."

தயா அண்ணை குசினியிலிருந்து ஒரு துணியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தார். "ஒரு தொடுகை போதும் தம்பி. சந்தனம்தானே, நோகாமல் வந்திடும். உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு பாத்திடுவம்." பக்கத்து மேசைக்காரர்களும் கதிரையைத் திருப்பிவிட்டார்கள். துணி என் கைக்கு வந்தது. குளிராக இருந்தது. பொட்டின் ஓரத்தில், அவள் விரலால் இழுத்த ரேகை அப்படியே காய்ந்திருந்தது. வீட்டில் அதை நான் கவனித்திருக்கவில்லை.

"வேண்டாம் அண்ணை."

அண்ணை என்னைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார், துணியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "ஓம். அவ வைச்சதை நாங்கள் ஏன்?" பக்கத்து மேசைக்காரர்களைப் பார்த்து, "என்ன, ரீ ஆறுதெல்லே? குடியுங்கோ" என்றார்.

பிறகு நான் ஒன்று செய்து பார்த்தேன். உலோகப் பரப்பில் கீறல் தேடும்போது ஒளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடிப்போம். கைத்தொலைபேசி விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கினேன். பொட்டின் கீழ் விளிம்பில் ஒரு வளைவின் நிழல் எழுந்தது. எழுத்தின் அடியாகவும் இருக்கலாம், வெறும் கீறலாகவும் இருக்கலாம். லூயி ஐயா ஆறேழு படங்கள் எடுத்தார்.

"பொஸ்டன்ல எனக்கு ஒரு கூட்டாளி இருக்கார். அவருக்கு இந்த வளைவே போதும். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள போன் போட்டுச் சொல்றேன்." கணிப்புக் கட்டணம் 30 யூரோ. வெளிக்கிடும்போது மட்டையைத் தானே சால்வையில் சுற்றித் தந்தார், பொட்டு உராயாதபடி ஒரு கைக்குட்டையை இடையில் வைத்து. கைக்குட்டையைத் திருப்பி வாங்கவில்லை.

எதிர்க் கடையில் ஒரு சிறு பெட்டி சந்தனம் வாங்கினேன், 1 யூரோ 80. பூசை வருகிற வாரம்.

திரும்பும் மாலை ரயிலில் இருந்து மடிக்கணினியில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். உங்களிடமும் இப்படியொரு மட்டை இருந்தால்: நீளமான மட்டைப் பை ஒன்று வாங்குங்கள், உள்ளே ஒரு பந்தும் போடுங்கள். பொலித்தீனில் இறுக்கிச் சுற்றாதீர்கள், மரம் வியர்க்கும். எண்ணெய் பூசாதீர்கள். வீட்டிலேயே குமிழையும் முத்திரையையும் படமெடுத்து முன்கூட்டி அனுப்புங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு முன் போங்கள், பிறகு லா சப்பலில் நடைபாதையே தெரியாது. பூசைக்கு வைப்பதென்றால் பொட்டை முத்திரைக்கு இரண்டு விரல் தள்ளி வையுங்கள். நான் இந்த முறையும் அதே இடத்தில்தான் வைப்பேன்.

முன்னூறா நாற்பதா என்பது எனக்குப் பெரிய காரியமில்லை, விற்கப்போவதில்லை. அவள் சொன்னது சரியா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். சரியென்றால் அவள் என்ன சொல்வாள், பிழையென்றால் என்ன சொல்வாள் என்று கார் து நோரிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். இரண்டு பக்கத்துக்கும் அவளிடம் பதில் இருக்கிறது. எட்டு மாதத்தில் இன்றைக்குத்தான் அவளோடு இவ்வளவு நேரம் கதைத்திருக்கிறேன்.

மட்டை பக்கத்து இருக்கையில் சாய்ந்திருக்கிறது. மணி 5.51. கைத்தொலைபேசியை அணைத்துவிட்டேன்.