விலங்கு மாட்டியவனை உட்காரச் சொன்ன திலகவதி

சுங்கைப்பட்டாணி சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது திலகவதியின் கணவர் செல்வத்திடமிருந்து அழைப்பு வந்தது. "சார்ஜன், திலகா போயிட்டா" என்றார். மீன்காரர் பையை நீட்டியபடி நின்றார். அதை வாங்காமலே நடந்துபோய்க் காரில் உட்கார்ந்தேன். வண்டியைக் கிளப்ப வெகுநேரம் ஆயிற்று.

திலகவதியின் இறுதிச் சடங்குக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். மனநோயோடு வாழ்கிறவர்களின் குடும்பங்கள் கூடும் நம் சந்திப்புக்கு வருகிறவர்கள், கூலிம் ஹைடெக் பூங்காத் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்தவர்கள், மனநலப் பிரிவுத் தாதியர். என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்ல முடியாததை எழுதியாவது வைக்கிறேன். நான் ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன். திலகாவின் தம்பிக்கு விலங்கு மாட்டியவன்.

திலகாவை முதலில் பார்த்தது சிடாம் கிரி பக்கம், அவர் வீட்டு வாசலில். அவருடைய தம்பி குணசேகரனுக்கு மனச்சிதைவு நோய். பல ஆண்டுகள் மருந்தால் நன்றாக இருந்தவர், அந்த மாதம் மருந்தை நிறுத்திவிட்டார். நான்கு நாட்களாகத் தூக்கமில்லை. யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு, புல் வெட்டும் பாராங் கத்தியைப் பிடித்தபடி சமையலறையில் உட்கார்ந்திருந்தார். திலகா ஆம்புலன்ஸ் கேட்டிருக்கிறார். கத்தி இருப்பதால் முதலில் போலீஸைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படித்தான் எங்களுக்கு அழைப்பு வந்தது.

மதியம் மூன்று மணி இருக்கும். நானும் இரண்டு கான்ஸ்டபிள்களும் சைரன் அலற வந்து இறங்கினோம். திலகா வேலியருகே ஓடி வந்தார்.

"சார், மொதல்ல அந்த சைரன நிப்பாட்டுங்க. அவன் ரொம்ப பயந்து போயிருக்கான். தொப்பிய கழட்டிட்டு இங்கயே நில்லுங்க, நான் பேசி கூட்டியாரேன். பத்து நிமிஷம் குடுங்க, போதும்."

நான் கொடுக்கவில்லை. "இது எங்க வேலைம்மா, தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

எங்களைப் பார்த்ததும் குணா கத்தியைக் கீழே போட்டுவிட்டார். இதை அன்றைய அறிக்கையில் நான் எழுதவில்லை. அவர் கத்தியைப் போட்ட பிறகுதான் அவரைக் குப்புறத் தள்ளினோம். என் முழங்கால் அவர் முதுகில் இருந்தது. விலங்கை மாட்டியதும் நான்தான். சிமெண்டுத் தரையில் கன்னம் அழுந்தக் கிடந்தவர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: "அக்கா, நீயா இவங்கள கூப்பிட்ட?"

நேராக மருத்துவமனைக்குப் போகாமல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அறிக்கை எழுத வேண்டும், கடிதம் வர வேண்டும், வண்டி கிடைக்க வேண்டும். எல்லாம் முடிந்து மறுநாள் காலைதான் மருத்துவர் முன் நிறுத்தினோம். அதுவரை லாக்கப். அதில் தவறு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எப்போதும் அப்படித்தான் செய்துவந்தோம்.

குணா தேறி வீடு திரும்பினார். ஆனால் அக்காவை அதன்பின் அவர் நம்பவில்லை. அவர் போட்ட சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பாராம். இரண்டு வருடம் கழித்து நோய் திரும்பியபோது திலகா யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நாங்கள் வந்துவிடுவோம் என்ற பயம். வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தம்பி பக்கத்திலேயே இருந்தார். மூன்றாம் நாள் அவர் குளிக்கப்போன நேரத்தில் குணா வீட்டைவிட்டு வெளியேறினார். தஞ்சோங் டாவாய் மீனவர்கள்தான் ஆற்று முகத்துவாரத்தில் உடலைக் கண்டெடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் திலகா நிலையத்துக்கு வந்தார். நான் கவுண்டரில் இருந்தேன். என்மீது புகார் கொடுக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"ரிப்போர்ட் போட வரல சார். அன்னைக்கு பத்து நிமிஷம் கேட்டேன். ஏன் குடுக்கல? அத மட்டும் சொல்லுங்க."

"அது சட்டம்மா. நாங்க அப்படித்தான் செய்யணும்" என்றேன்.

அவர் கைப்பையிலிருந்து சில தாள்களை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். மனநலச் சட்டத்தின் நகல். "எந்த வரியில இருக்கு? காட்டுங்க" என்றார். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர். கூலிம் போகும் தொழிற்சாலைப் பேருந்தில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, சட்டத்தின் மலாய் வாசகத்தை வரி வரியாகப் படித்து, பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தார். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்ற வரியின் பக்கத்தில், "உடனே சேர்க்கக் கூடாது என்று எங்கும் இல்லை" என்று தமிழில் எழுதியிருந்தார். இருபத்தாறு வருடம் காக்கிச் சட்டை அணிந்திருந்தேன். அந்தப் பிரிவை நான் அதுவரை ஒருமுறைகூட வாசித்ததில்லை.

அந்தத் தாள்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் வாசித்தேன். பல நாள் தயங்கி, பிறகு அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீங்க சொன்னது சரிம்மா. அவரு கத்திய போட்டுட்டாரு. நாங்க பொறுத்திருக்கலாம்" என்றேன். அழுகிற சத்தம் கேட்டது. கடைசியில், "நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லமாட்டேன். ஆனா வேலை இருக்கு, வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வேலைதான் நம் சந்திப்பு. கோயில் மண்டபத்தில் ஏழெட்டுக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்த அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். என்னை வாசலில் பார்த்ததும் திலகா எழுந்து, "இவருதான் என் தம்பிக்கு விலங்கு மாட்டுனவரு. உள்ள வாங்க சார்ஜன், உட்காருங்க" என்றார். ஒரு பெரியவர் மகனைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அங்கங்கே விட்டுவிட்டுத்தான் சொன்னேன். முடித்தபோது திலகா கேட்டார்: "முழங்கால எங்க வச்சீங்க? அதையும் சொல்லுங்க."

சொன்னேன். என் மனைவியிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளுக்கு அவரோடு போயிருக்கிறேன். புறப்படும்போதே, "அந்த கருப்பு கண்ணாடிய கழட்டுங்க லா, போலீஸ் மாதிரியே இருக்கீங்க" என்பார். "நான் போலீஸ்தானேம்மா" என்றால், "அதான் பிரச்சனையே" என்பார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அப்படிச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரிப்பார். கோபம் வந்தால் மருத்துவர், அதிகாரி என்று யாரையும் பார்க்கமாட்டார். வயதில் மூத்தவன் என்ற சலுகை எனக்கும் கிடைத்ததில்லை.

ஒரு நாள் காலை அடுக்குமாடி வீடொன்றிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. இளம் தகப்பன் ஒருவர் அறைக்குள் தாழிட்டுக்கொண்டு, கண்ணாடித் துண்டைக் கையில் வைத்திருந்தார். நான் அப்போது பணியில் இருந்தேன். மேலதிகாரியிடம் கெஞ்சிக் கேட்டு, சைரன் இல்லாமல், தொப்பியை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போனேன். நடைபாதையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கதவோடு பேசினேன். பேச்சு தீர்ந்தபோது சும்மா இருந்தேன். திலகா படிக்கட்டில் நின்றுகொண்டு அந்த மனிதரின் மனைவியின் கையைப் பிடித்திருந்தார். இரண்டு மணி நேரம் ஆனபின் கதவு திறந்தது. "தே ஓ இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அவர் வெளியே வந்தார். பால் இல்லாத தேநீரைக் குடித்துவிட்டு, விலங்கில்லாமல், மனைவியோடு எங்கள் வண்டியின் பின்னிருக்கையில் உட்கார்ந்து மருத்துவமனைக்கு வந்தார்.

அவரைச் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது திலகாவைப் பார்த்தேன். மகிழ்ச்சியாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் வண்டியின் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தார்.

"இவ்ளோதானா சார்ஜன்? ரெண்டு மணி நேரம் தரையில உட்காந்தா போதுமா? இவ்ளோதான் தேவைப்பட்டுச்சா?"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

நான் ஓய்வுபெற்ற பிறகு, சட்டத் திருத்தம் பற்றிய கலந்துரையாடல் ஒன்றுக்கு நாங்கள் கோலாலம்பூர் போனோம். திலகா மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். அவருடைய முறை வந்தபோது, நேரமாகிவிட்டது, சுருக்கமாகப் பேசுங்கள் என்றார்கள். தாள்களை மடித்து வைத்துவிட்டு மலாயில் பேசினார். "நான் போலீஸைக் கூப்பிட்டேன், என் தம்பி என்னைவிட்டுப் போனான். அடுத்த முறை கூப்பிடவில்லை, அப்போதும் போனான். நான் யாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்? இங்கே யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்த அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

பிறகு சட்டம் மாறியது. உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது குற்றம் என்ற பிரிவு போயிற்று. நெருக்கடியில் இருப்பவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல, போலீஸ் மட்டுமன்றித் தீயணைப்புப் படையினர், சமூகநல அதிகாரிகள் போன்றவர்களும் வரலாம் என்று ஆயிற்று. எங்களைப்போல் எத்தனையோ பேர் பேசியதன் பலன் அது. செய்தியைச் சொல்ல அவர் வீட்டுக்கு இனிப்போடு போனேன். பெட்டியை வாங்கிக் குணாவின் படத்துக்கு முன்னால் வைத்தார். "பேப்பர்ல மாறிடுச்சு. இன்னும் கவுண்டர்ல மாறணும்" என்றார். அடுத்த திங்கட்கிழமையே, ஒரே பக்கத்தில் அச்சடித்த குறிப்போடு நிலையம் நிலையமாக ஏறி இறங்கத் தொடங்கிவிட்டார். சில இடங்களில் உட்கார வைத்துக் கேட்டார்கள். சில இடங்களில் தாளை வாங்கி ஒதுக்கிவைத்தார்கள். அங்கெல்லாம் மறுபடியும் போனார்.

இந்த அலைச்சலில்தான் தன் மார்பில் இருந்த கட்டியை அவர் கவனிக்காமல் விட்டார். இல்லை, கவனித்திருந்தார், எங்களிடம் சொல்லவில்லை. பரிசோதனைக்குக் கொடுத்த நாளை இரண்டு தடவை தள்ளிப்போட்டிருக்கிறார். இரண்டு தடவையும் வேறு யாரோ ஒருவருடைய மகனுக்காக. செல்வம் இதைச் சொன்னபோது திலகாமேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இன்னும் அது முழுதாகப் போகவில்லை.

கடைசியாகப் பார்த்தது அவர் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு. மிகவும் மெலிந்திருந்தார். செல்வம் மருந்து வாங்கப் போயிருந்தார். இத்தனை வருடம் கேட்காததை அன்று கேட்டுவிட்டேன். "திலகாம்மா, என்னை மன்னிக்க முடியுமா?"

என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அது என்கிட்ட இல்ல சார்ஜன். தம்பிகிட்டதான் இருந்துச்சு. அவன் கையோட எடுத்துட்டுப் போயிட்டான்." மூச்சு வாங்கியது. "எனக்கும்தான் கிடைக்கல" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். போலீஸைக் கூப்பிட்டதற்காகத் தன்னையும் அவர் என் பக்கத்திலேயே வைத்திருந்தார் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. "நீ கூப்பிட்டது தப்பே இல்லம்மா. வந்தவன்தான் தப்பு செஞ்சான்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். கேட்டாரா, கேட்டு ஒப்புக்கொண்டாரா, தெரியாது. அந்த ஒரு வார்த்தையை அவரிடம் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கக் கூடாது.

காரியம் முடிந்த பிறகு செல்வம் திலகாவின் கைத்தொலைபேசியை என்னிடம் கொடுத்தார். "அடிச்சிக்கிட்டே இருக்கு சார்ஜன். என்னால எடுக்க முடியல. நீங்க வச்சுக்குங்க" என்றார். திரை ஓரத்தில் கீறல். பெயர்களை எல்லாம் அவர் தம் வழக்கப்படி பதிந்து வைத்திருக்கிறார்: 'ரவி அம்மா, அழுவாங்க, பொறுமையா கேக்கணும்.' 'மணி அப்பா, காலைல கூப்பிடக் கூடாது.' அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இதுதான்.

நேற்று முன்தினம் காலை அது அடித்தது. பெயரில்லாத புது எண். ஒரு பெண்ணின் குரல், மெதுவாக, பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல்.

"திலகாக்கா இருக்காங்களா? என் மவன் மூணு நாளா தூங்கல. போலீஸ கூப்பிட பயமா இருக்கு."

"அவங்க இல்லம்மா" என்றேன். "நான் வர்றேன்."

"நீங்க யாரு?"

சட்டைப் பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அவங்ககூட வேலை செஞ்சவன்மா. வீடு எங்க இருக்குன்னு சொல்லுங்க."