கேட் பாஸ் கிடைக்காத மத்தியானம்

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், ஆட்கள் வந்துபோகும் கணக்கு வைக்கிற டைம் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வேலை நேரத்தில் யார் வெளியே போவதானாலும் என் கம்ப்யூட்டரில்தான் கேட் பாஸ் போட வேண்டும். கையால் எழுதிய பாஸ் செல்லாது என்று நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.

அன்று மத்தியானம் தையல் லைனிலிருந்து ஒருத்தி ஓடிவந்தாள். அவளுடைய மகள் பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாளாம். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையின் அப்பா தூக்கிப் போயிருக்கிறார், சாயந்திரம் ஆபரேஷன்.

"உள்ள கூட்டிட்டுப் போறதுக்குள்ள அம்மா வரணும்னு அழுவுதாம். சீக்கிரம் போட்டுக் குடுக்கா" என்றாள்.

லாகின் செய்தேன். பாஸ்வேர்டு தவறு என்றது. நிதானமாக மறுபடி அடித்தேன், அதே பதில். மூன்றாம் தடவை என் லாகினே பூட்டிக்கொண்டது. காலையில் வேலை செய்த பாஸ்வேர்டு மத்தியானம் எப்படித் தவறாகும்? கம்ப்யூட்டர் இன்சார்ஜுக்குப் போன் போட்டேன்.

"மெயின்டனன்ஸ் போய்ட்டிருக்குக்கா. சாதாரண யூசருங்க யாரும் உள்ள வர முடியாது. ராத்திரி தொறந்துடுவேன்."

"அதை முன்னாடியே சொல்ல மாட்டீங்களா?"

"இப்பதான் எல்லாருக்கும் மெயில் போட்டேனே."

அந்த மெயிலைப் படிக்கவும் லாகின் செய்தாக வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டிய சேதியை வீட்டுக்குள்ளேயே ஒட்டி வைத்த மகராசன்.

"உங்க லாகின் வேலை செய்யுதில்ல, நீங்களே ஒரு பாஸ் போடுங்க."

"அட்மின் லாகின்ல பாஸ் போட்டா ஆடிட்ல கேப்பாங்கக்கா. பேஜாராயிடும்."

நானே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளைக் கேட்டுக்குக் கூட்டிப்போனேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. வாட்ச்மேன் தாளைத் திருப்பி நீட்டினார்.

"இன்னாம்மா, ரூல்ஸ் தெரிஞ்ச நீயே இப்படிப் பண்றே? பிரிண்ட் எடுத்துட்டு வா."

அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஒருவரின் கார் வெளியே போக வந்தது. வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்து சல்யூட் வைத்தார். மேனேஜர்களிடம் பாஸ் கேட்கும் வழக்கம் இல்லை.

அவள் சண்டைகூடப் போடவில்லை. கேட் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கையைப் பிடித்து எழுப்பி, காருக்குத் திறந்த கேட் மூடுவதற்குள் அவளை வெளியே இழுத்துக்கொண்டு போனேன். "யார் கேட்டாலும் நான்தான் அனுப்புனேன்னு சொல்லுங்க" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, அவளை வேலூர் பஸ்ஸில் ஏற்றினேன்.

மறுநாள் எங்கள் ஆபீஸ் மேனேஜர் கூப்பிட்டு ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். அவள் உள்ளே வந்த பதிவு இருந்தது, வெளியே போன பதிவு இல்லை.

"சிஸ்டம்படி அந்தப் பொண்ணு இன்னும் கம்பெனிக்குள்ளதான் இருக்கு. இதுக்கு இன்னா பதில் சொல்றே?"

"அவ கையைப் புடிச்சிக்கிட்டுதான் சார் அவ பொண்ணு ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் போச்சு. இல்ல, உங்க சிஸ்டம்தான் சரின்னா, லைன்ல போய் அவளைத் தேடிப் புடிங்க" என்றேன்.