குதிருக்குள் ஒரு கோபுரம்

முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, பைக் என்ஜினை அக்கக்காகக் கழற்றி மாட்டுகிறவன், சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளோடு உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும்? சொல்லத்தான் செய்தது. அந்த நேரத்தில் மட்டும் வெற்றிச்செல்வனுக்குக் காது கேட்காது.

ஜவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு இறங்கும் பஸ் தடத்தில் அவன் கடை. உதிரி பாகம் வாங்க அவ்வப்போது வாணியம்பாடிக்குப் போவான். அங்கே பழைய சாமான் விற்கும் ஜப்பார் பாய் ஒருநாள் மூட்டை நிறைய அந்தக் கட்டைகளை வைத்திருந்தார். ஒன்றின் தலையில் இன்னொன்றை வைத்து அழுத்தினால் டக்கென்று கவ்விக்கொள்ளும் ரகம். சும்மா இரண்டை எடுத்து அழுத்திப் பார்த்தான் வெற்றி. அவ்வளவுதான், மூட்டையோடு மலையேறிவிட்டான்.

முதலில் வீடு கட்டினான், லாரி கட்டினான். சீக்கிரமே சலித்துப்போயிற்று. கண்ணெதிரே இருப்பதையே திரும்பக் கட்டுவானேன், எங்கேயும் இல்லாத ஒன்றைக் கட்டினால் என்ன என்று ஒரு எண்ணம் வந்தது. காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் கோபுரம் ஒன்று வரைந்தான். சரி, அதில் குடியிருக்கப் போவது யார்? ராஜா ராணிக்குக் கட்டுவதில் அவனுக்கு ருசியில்லை. ஒரு மத்தியானம் கடை வாசலில் நின்று, எதிர்ச்சரிவில் மேகம் மந்தையாக இறங்குவதைப் பார்த்தான். அதோடு முடிவாகிவிட்டது: மேகம் மேய்க்கும் ஒருத்தியின் கோபுரம். பொழுது சாய்ந்ததும் அவள் ஓட்டிவரும் மேகங்களை அடைக்க உச்சியில் ஒரு பட்டி.

நினைப்பது சுலபம், நிற்க வைப்பதல்லவா பாடு! இணைப்புக்கு நேர்மேல் இணைப்பாக அடுக்கியதில், முழங்கால் உயரம் வந்ததும் சுவர் இரண்டாகப் பிளந்து விழுந்தது. மறுபடி, கட்டைகளை மாற்றி மாற்றிக் கவ்வ வைத்தான். ஒவ்வொரு வரிசையையும் கட்டைத் தலையின் ஒரு குமிழ் தள்ளி வைத்தால் கோபுரமே முறுக்கிக்கொண்டு மேலே போகிறது என்று கண்டுகொண்ட நாளில் மனுஷன் சாப்பிடவே மறந்துவிட்டான். சாம்பல் நிறம் தீர்ந்ததும் பச்சை, பச்சை தீர்ந்ததும் சிவப்பு. மேகம் வரும் திக்குக்குப் பட்டி திரும்ப வேண்டாமா என்று அடுத்த சந்தேகம். தூக்கிப்போட்ட பைக் பேரிங் ஒன்றைக் கழுவி உச்சியில் பொருத்தினான். விரலால் தட்டினால் பட்டி சத்தமே இல்லாமல் சுற்றியது. இடுப்பு உயரக் கோபுரத்தைச் சுற்றி அவனும் சுற்றிச் சுற்றி வந்தான்.

அவன் அம்மா மங்கம்மாளுக்கு வயிறு எரிந்தது. முன்பு வந்த ஒரு சம்பந்தம், சொப்பு வைத்து விளையாடுகிற மாப்பிள்ளை வேண்டாம் என்று கைவிட்டுப் போயிருந்தது. இப்போது போளூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் ரம்யாவைப் பேசியிருந்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் அவள், மலையேறும்போது வண்டி ஏன் மூச்சு வாங்குகிறது என்று வெற்றியைக் கேட்டாள். அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். அதிலிருந்தே அடுத்த கேள்வியும் கேட்டாள். அவன் பேச்சை அப்படி யாரும் கேட்டதில்லை. இந்தப் பெண் அமையாவிட்டால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

மாப்பிள்ளை வீடு பார்க்க ரம்யாவையும் கூட்டிக்கொண்டு அவள் அத்தை ஈஸ்வரி வந்தாள். தாயில்லாப் பெண்ணை வளர்த்தவள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஈஸ்வரியும் மலையில் பிறந்தவள். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுக் குதிரில் கைவிட்டுத் தானியத்தைத் தொட்டுப் பார்ப்பது அவர்கள் சொந்தத்தில் வழக்கம்.

அது மங்கம்மாளுக்குத் தெரியாதா? வெற்றி அவர்களை எதிர்கொள்ளப் பஸ்ஸுக்குப் போயிருந்த நேரத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். கோபுரத்தைத் தூக்கிக் காலிக் குதிருக்குள் இறக்கினாள். பக்கத்து வீட்டில் சாமை கேட்டு வாங்கிவந்து, அது மூழ்கும்வரை மேலே கொட்டினாள். பொம்மையும் மறைந்தது, குதிரும் நிறைந்தது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு புடவை மாற்றப் போனாள்.

பெரிய மனுஷிகள் மரியாதைக்கு விரல் நுனியை மட்டும் விட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. ஈஸ்வரியோ தோள்வரை விட்டாள். கையில் என்னவோ தட்டுப்பட்டது. இழுத்தாள். சாமை சொரிய, மேகப் பட்டி பேரிங்கோடு வெளியே வந்தது.

ஈஸ்வரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள். பக்கத்து வீட்டுப் பசங்கள் விளையாட்டாகப் போட்டிருப்பார்கள் என்றாள் மங்கம்மாள்.

வெற்றி அம்மாவைப் பார்த்தான். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் இத்தனை நாள் பாடுபட்டது யாரோ போட்ட குப்பையாகிவிடும். அது அவனால் ஆகவில்லை.

"என்னுதுதாங்க. நான்தான் கட்னேன்," என்றான்.

குதிருக்குள் இரண்டு கையையும் விட்டுக் கோபுரத்தையே தூக்கி வெளியே வைத்தான். ஜன்னல் ஜன்னலாகச் சாமை ஒழுகியது. குதிரில் சாமை பாதிக்கும் கீழே இறங்கிப்போயிற்று. அடியில் பொம்மை, மேலே மட்டும் தானியம் என்று ஈஸ்வரிக்கு விளங்கிவிட்டது. பொம்மையைக்கூட மன்னிப்பாள், இந்த மோசடியை மன்னிப்பாளா? வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

ரம்யா எழுந்திருக்கவில்லை. கோபுரத்தின் முன்னால் குந்தி, உச்சியில் மாடு அடைக்கிற பட்டி எதற்கு என்று கேட்டாள். மேகத்தை அடைக்க என்றான் வெற்றி. அவள் சிரிக்கப்போகிறாள் என்று காத்திருந்தான். அவள் சிரிக்கவில்லை. மேய்க்கிறவள் எந்த மாடியில் தூங்குவாள், மேகம் படியேறிப் போகுமா பறந்து போகுமா என்று கேட்டுக்கொண்டே போனாள். அவன் பட்டியை அதன் இடத்தில் பொருத்திக் காட்டினான். அவள் விரலால் தள்ளினாள். அது நறநறத்து நின்றுவிட்டது.

"சுத்தறதுக்குத்தான வெச்சீங்க? ஏன் சுத்தல?"

"சாமை போய் மாட்டிக்கிச்சிங்க. எல்லாத்தியும் பிரிச்சித் தொடச்சாத்தான் சுத்தும்."

வாசலிலிருந்து ஈஸ்வரி, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கூப்பிட்டாள். ரம்யா எழுந்து துப்பட்டாவில் ஒட்டியிருந்த சாமையைத் தட்டினாள். போயிற்று, இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று நினைத்தான் வெற்றி. என்ன செய்வதென்று தெரியாமல் உச்சிக் கட்டையில் நகத்தை வைத்து நெம்பப் போனான்.

"பிரிக்காதீங்க," என்றாள் ரம்யா. "நான் இங்க வந்தப்றம் ரெண்டு பேருமா பிரிக்கலாம்."

ஈஸ்வரி அண்ணன் மகளை முறைத்தாள். யோசித்துத்தான் பேசுகிறாயா, இந்த வீட்டில் இன்னும் என்னென்ன பொய்யோ என்று கேட்டாள்.

"பொய் சொன்னது குதிருதான் அத்த. அவுரு சொல்லலியே."

ஈஸ்வரி மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சம்பந்தியம்மா என்று மங்கம்மாளைக் கூப்பிட்டு, சோறு ஆகிவிட்டதா என்று கேட்டாள்.