எங்கே பிடித்திருக்கிறது?

"எங்க பிடிச்சிருக்கு?" என்று கேட்டபடியே இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறார். சில்லிட்ட கையோடு யாரையும் தொடமாட்டார். கழுத்தோ இடுப்போ, பதில் எதுவானாலும் அவருடைய அடுத்த வார்த்தை ஒன்றுதான்: "விடுங்க." பாரத்தை என்னிடம் விட்டுவிடுங்கள் என்று பொருள். யாரும் லேசில் விடுவதில்லை. சொல்லிச் சொல்லியே இந்தப் பிசியோதெரபி நிலையத்தில் அவருக்கு 'விடுங்க மேடம்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

நான் எழுத்தாளன்தான், ஆனால் எழுதி எழுதிக் கை ஓய்ந்து அங்கே போகவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தேன். மாவுக்கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடங்க மாட்டேன் என்றன. மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முட்டியும் முதுகுமாகப் பார்த்துச் சலித்தவருக்கு நான் அபூர்வமாகக் கிடைத்த கை.

கை என்றால் அவருக்கு உயிர். பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்பவர்களின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்து, இறங்கும் இடத்தைத் தவறவிட்டிருக்கிறார். "முட்டி ஒரு கதவு சார். திறக்கும், மூடும். கை ஒரு வீடு," என்பார். முடி திருத்துபவர் ஒருவரின் கட்டைவிரலை மேடத்தால் பாதி தூரம்தான் மடக்க முடிந்ததாம். "அதுக்கு மேல எனக்குத் தெரியல சார். இப்போ அவர் வண்டி நிறுத்துற இடத்துல சீட்டு கிழிக்கிறார்." அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் என் விரலைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

நாற்பதை நெருங்கும் வயதில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்து, இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று இதே ஊரில். எலும்பும் மூட்டும், மாலை வகுப்பு, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு. மற்றது ரயிலில் ஓர் இரவுத் தொலைவு, இரண்டு வருட விடுதி வாசம். அங்கே கைக்கென்றே தனிப் படிப்பு. "ரெண்டு வருஷமும் கை மட்டும்தான் சார்," என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓர் ஏக்கத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்காரர், "உன் இஷ்டம்" என்றாராம். "இந்த 'உன் இஷ்டம்' இருக்கே சார், எந்தப் பக்கம் மடக்கினாலும் வலிக்குது." மகள், "போயிட்டு வாம்மா" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு, மறுநாள் சடை பின்னும்போது, "அப்பாவுக்குப் பின்னத் தெரியுமா?" என்று கேட்டாளாம். "அவர் கை நல்ல கைதான், பழக்கினா வரும்," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

நேற்று உள்ளூர்க் கல்லூரியிலிருந்து போன் வரவேண்டிய நாள். எடுத்துச் சரி என்று சொல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு என் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டிருந்தார். எங்கே பிடித்திருக்கிறது என்று எல்லோரையும் கேட்கிறவரை ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லையே என்று எனக்கு உறுத்தியது.

"உங்களுக்கு எது மேடம் பிடிச்சிருக்கு?"

என் விரல் மேல் அவர் பிடி இறுகியது. உயிர் போகும் வலி. "மேடம், விடுங்க," என்றேன்.

போன் அடித்தது. உள்ளூர்க் கல்லூரிதான். அவர் போனைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார். மணி அடித்து ஓயும்வரை என் கையை விடவில்லை.